நோர்வேயில் இயலாமையுள்ள பிள்ளைக்குப் பராமரிப்பு: பணமா, ஓய்வா, உதவியாளரா?

கடுமையான இயலாமையுள்ள பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கும் பெற்றோர் நோர்வேயில் தங்கள் கொம்யூனிடம் (உள்ளூராட்சி சபையிடம்) கேட்கக்கூடிய முக்கிய உதவிகள் மூன்று. பெற்றோர் செய்யும் பராமரிப்புக்கே ஒரு தொகை பெறுவது முதலாவது. இதற்குப் பெயர் ஒம்சோர்க்ஸ்தோனாட். குறித்த நாட்களில் பிள்ளையை வேறொருவர் பொறுப்பேற்க, பெற்றோர் ஓய்வெடுப்பது இரண்டாவது, இது அவ்லாஸ்ட்னிங். மூன்றாவது பி.பி.ஏ., அதாவது பயனாளரே வழிநடத்தும் தனிப்பட்ட உதவி. அதில் உதவியாளர்கள் வீட்டுக்கே வருவார்கள். யார் வருவது, எப்போது வருவது, என்ன செய்வது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கும்.

வெளியாள் ஒருவர் குசினிக்குள்ளும் குளியலறைக்குள்ளும் நிற்பது எங்கள் வீடுகளில் பலருக்குச் சங்கடம். மொழி, சாப்பாடு, பிள்ளையின் குணம் எல்லாம் தாய்க்குத்தான் தெரியும் என்ற எண்ணமும் சேர, முதலாவது வழியே இயல்பாகத் தோன்றும். ஆனால் கிழமைக்கு 25 மணித்தியாலத்துக்கு மேல் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அதை முதன்மை வழியாகத் தெரிவு செய்வது பெரும்பாலும் தவறு. பி.பி.ஏ.யை முதலில் கேளுங்கள், ஒம்சோர்க்ஸ்தோனாட்டைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை.

எதைக் கேட்பதற்கும் முன்பு: மணித்தியாலக் கணக்கு

எந்த உதவி என்ற கேள்வி பிறகுதான் வரும். பிள்ளைக்கு எத்தனை மணித்தியாலம் உதவி தேவை என்பதுதான் முதல் கேள்வி. பி.பி.ஏ. சட்டபூர்வ உரிமையாக இருப்பது 2015 ஜனவரி 1 முதல். நோயாளர் மற்றும் பயனாளர் உரிமைச் சட்டத்தின் 2-1 டி பிரிவு அதன் நிபந்தனைகளைச் சொல்கிறது: வயது 67க்குக் கீழ், தேவை 2 வருடத்துக்கு மேல் நீடிக்கும் என்ற நிலை, கிழமைக்குக் குறைந்தது 32 மணித்தியால உதவித் தேவை. 25க்கும் 32க்கும் இடைப்பட்டால், பி.பி.ஏ.யாக ஒழுங்கு செய்வது கணிசமாகக் கூடுதல் செலவாகும் என்று கொம்யூன் காட்டினால் மட்டுமே மறுக்கலாம். காட்டவேண்டிய பொறுப்பு கொம்யூனுடையது, உங்களுடையது அல்ல. 25க்குக் கீழே உரிமை இல்லை, ஆனால் கொம்யூன் விரும்பினால் தரலாம்.

பெற்றோருக்கான அவ்லாஸ்ட்னிங்கும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டில் வாழும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், ஓய்வு மணித்தியாலங்களையும் பி.பி.ஏ.யாகக் கேட்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. பிள்ளையின் தனிப்பட்ட உதவிக்கு 18, பெற்றோரின் ஓய்வுக்கு 15 என்று தேவை இருந்தால், மொத்தம் 33.

கணக்கு எங்கே பிழைக்கிறது என்று பார்ப்போம். பெருமூளை வாதமுள்ள, தானாக உட்கார முடியாத 11 வயதுப் பிள்ளையின் பள்ளிநாள் காலை இது. எழுப்பி டயப்பர் மாற்றிக் கழுவ 20 நிமிடம். தூக்கும் கருவியில் ஏற்றிச் சக்கர நாற்காலியில் இருத்த 10. உடுப்பும் கால் தாங்கிகளும் போட 25. சாப்பாடு ஊட்ட 40. மருந்து 5. பல், முகம் 10. மொத்தம் 110 நிமிடம், ஐந்து பள்ளிநாளுக்கு 9 மணித்தியாலம் 10 நிமிடம். பழகிப்போன பெற்றோர் இதையே படிவத்தில் ‘காலையில் உதவி, 45 நிமிடம்’ என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் கிழமைக்கு 3 மணித்தியாலம் 45 நிமிடம்தான். காலை வேளையில் மட்டும் கிட்டத்தட்ட ஐந்தரை மணித்தியாலம் காணாமற்போகிறது. எல்லைக்கோட்டருகே நிற்கும் விண்ணப்பத்தை மறுக்க இதுவே போதும்.

இரண்டாவது பிழை, பள்ளிக் கிழமையை மட்டும் கணக்கெடுப்பது. நோர்வேயில் பள்ளி வருடத்துக்கு 38 கிழமைதான்; மீதி 14 கிழமை பிள்ளை முழுநாளும் வீட்டில். பள்ளிக் கிழமையில் 28 மணித்தியாலமும் விடுமுறைக் கிழமையில் 50 மணித்தியாலமும் தேவை என்று வையுங்கள். 38 தடவை 28 என்றால் 1064, 14 தடவை 50 என்றால் 700. கூட்டினால் 1764, 52ஆல் வகுத்தால் 33.9. பள்ளிக் கிழமையை மட்டும் காட்டியவர் 28இல் நிற்பார். வருடச் சராசரியைக் காட்டியவர் 32ஐத் தாண்டிவிடுவார். விண்ணப்பத்தில் இந்தக் கணக்கை நீங்களே போட்டுக் காட்டி, வருடச் சராசரியில் மதிப்பிடும்படி எழுத்தில் கேளுங்கள்.

கொம்யூன் இதிலிருந்து, அதே வயதுள்ள எந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் செய்யும் வேலையைக் கழிக்கும். 4 வயதில் ஊட்டுவதும் உடுத்துவதும் எல்லாப் பெற்றோரும் செய்வதுதான் என்பார்கள். 11 வயதில் அந்த வாதம் எடுபடாது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், ‘இந்த வயதுப் பிள்ளை இதைத் தானே செய்யும்’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

இரவும் கவனிக்கவேண்டியது. இரவில் எழும்பும் உதவியும், ஒரே நேரத்தில் இருவர் தேவைப்படும் உதவியும் பி.பி.ஏ. உரிமைக்குள் வரவேண்டுமானால், அந்தத் தேவை தொடர்ச்சியானதாக இருக்கவேண்டும். எப்போதாவது எழும்புவது போதாது. குறைந்தது 2 கிழமை, நேரத்தோடு ஒரு இரவுக் குறிப்பு வையுங்கள்: 00.40 திருப்பிப் படுக்கவைத்தது 10 நிமிடம், 02.15 சளி எடுத்தது 20 நிமிடம் என்று. வைத்தியசாலைக் கடிதம் நோயின் பெயரைச் சொல்லும், உங்கள் இரவைச் சொல்லாது.

ஒம்சோர்க்ஸ்தோனாட்: கையில் வரும் பணமும் அதன் விலையும்

‘குறிப்பாகப் பாரமான’ பராமரிப்பைச் செய்பவருக்குக் கொம்யூன் தரும் தொகை இது. 2017 ஒக்டோபர் வரை இதற்கு ஒம்சோர்க்ஸ்லோன், அதாவது பராமரிப்புச் சம்பளம் என்று பெயர். பெயரில் சம்பளம் இருந்த காலத்திலும் வழமையான வேலையின் பாதுகாப்பு இதில் இருந்ததில்லை. பெறுபவர் பெரும்பாலும் ஒப்பந்த வேலை செய்பவராகவே கருதப்படுகிறார். அதனால் வழக்கமாக விடுமுறைப் பணம் இல்லை. நோயுற்றால் நாவ் (அரசின் தொழில், நலன்புரி அலுவலகம்) 17ஆம் நாளிலிருந்துதான் நோய்க்கொடுப்பனவு தரும். கொம்யூன் நிறுத்தினால் வேலையில்லாக் கொடுப்பனவுக்கும் இது வழி காட்டாது. வரி உண்டு.

சட்டம் என்ன தருகிறது என்பதையும் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். உங்கள் பராமரிப்புப் பாரமானதா, என்ன உதவி தருகிறோம் என்று கொம்யூன் எழுத்தில் முடிவு சொல்லவேண்டும் என்பது உரிமை. பணமாகத்தான் தரவேண்டும், இத்தனை மணித்தியாலத்துக்குத் தரவேண்டும் என்பது உரிமை அல்ல. நீங்கள் 60 மணித்தியாலம் செய்தாலும் அதில் ஒரு சிறு பகுதிக்கே தொகை வரும்.

மதிப்பிடும்போது கொம்யூன் கேட்பவை இவை: மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம், இரவு நித்திரை குழம்புகிறதா, உடலுக்கோ மனதுக்கோ எவ்வளவு பாரம், எவ்வளவு காலம் நீடிக்கும், பராமரிப்பவர் வெளியுலகத்திலிருந்து விலகிப்போனாரா, வருமானம் இழந்தாரா. கடைசி இரண்டையும் எழுதக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். எழுதுங்கள். வேலைநேரத்தை 100 வீதத்திலிருந்து 60 வீதமாகக் குறைத்திருந்தால் வேலைதருநரின் கடிதத்தை இணையுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் நாவில் யெல்ப்பெஸ்தோனாட் கேட்டீர்களா என்று கொம்யூன் பார்க்கும். தனிப்பட்ட பராமரிப்புத் தேவைக்காக நாவ் தரும் இந்தத் தொகைக்கு வரி இல்லை, பெற்றோரின் வருமானமும் பார்க்கப்படாது. 18 வயதுக்குட்பட்டோருக்கு உயர்த்திய படிகள் மூன்று உண்டு: இரண்டாம் படி சாதாரண யெல்ப்பெஸ்தோனாட் தொகையின் 2 மடங்கு, மூன்றாம் படி 4 மடங்கு, நான்காம் படி 6 மடங்கு. கொம்யூன் இதைக் கணக்கில் எடுத்துத் தன் தொகையைக் குறைக்கலாம். அப்படியானாலும் நாவ் பணத்தையே முதலில் கேளுங்கள். அது வரியற்றது, கொம்யூன் மாறினாலும் தொடரும்.

இரண்டு பொறிகளையும் சொல்லவேண்டும். பராமரிக்கும் பெற்றோர் ஏற்கெனவே இயலாமை ஓய்வூதியம் பெறுபவரானால், ஒம்சோர்க்ஸ்தோனாட் அவருக்கு வருமானமாகவே எண்ணப்படும். வருமான எல்லையைத் தாண்டினால் ஓய்வூதியம் குறையும். பிளையபெங்கர் (நோயுற்ற பிள்ளையைப் பார்க்க வேலைக்குப் போகமுடியாத பெற்றோருக்கு நாவ் தரும் பணம்) பெறுபவர் இந்தத் தொகையை நாவுக்கு அறிவிக்காமல் விட்டால், பிறகு திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் வரும்.

பிளையபெங்கர் வேறு வகை. நோயுற்ற பிள்ளைக்கு இடைவிடாத கண்காணிப்பும் பராமரிப்பும் தேவைப்பட்டு, பெற்றோர் வேலைக்குப் போகமுடியாதபோது நாவ் தருவது. வைத்தியசாலையோ நிபுணத்துவ சேவையோ பிள்ளையைப் பரிசோதித்திருக்கவேண்டும். 20 வீதம் வரை பகுதியாக எடுக்கலாம். நீண்டகால நோயுள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வேலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒம்சோர்க்ஸ்தோனாட்டைவிடப் பல சமயம் இதுவே கூடுதல் வருமானத்தைத் தரும், ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வேலைநேரத்தைக் குறைக்கவேண்டாம்.

முதுமைக்கான ஒரு காரியமும் இருக்கிறது. கிழமைக்குக் குறைந்தது 22 மணித்தியாலம், வருடத்தில் ஆறு மாதமாவது பராமரிப்பு செய்பவருக்கு, பராமரிப்புக்கான ஓய்வூதியச் சேமிப்பு சேரும். நாட்டின் அடிப்படைத் தொகையின் (ஓய்வூதியம் போன்றவற்றைக் கணக்கிட அரசு நிர்ணயிக்கும் தொகை) 4.5 மடங்கு வருமானம் உழைத்தவர்போல் அந்த வருடம் கணக்கிடப்படும். வெளிவேலை இல்லாத தாய்மாருக்கு இது பெரிய காரியம்.

அவ்லாஸ்ட்னிங்: இலவசம், ஆனால் எங்கே, யாரிடம்?

ஓய்வு உதவிக்குக் கட்டணம் அறவிட முடியாது. மூன்று விதமாக வரும்: கொம்யூனின் ஓய்வில்லத்தில் பிள்ளை தங்குவது, ஒப்பந்தத்தில் ஒரு தனியார் குடும்பம் பிள்ளையை வைத்திருப்பது, உங்கள் வீட்டுக்கே ஒருவர் வருவது. ‘இரண்டு கிழமைக்கு ஒரு சனி-ஞாயிறு’ என்பது வழமையாகக் காணும் முடிவு.

இந்த உதவியில் தகராறு வருவது பெரும்பாலும் உள்ளடக்கத்தில். பேசமுடியாத பிள்ளையை வாரந்தோறும் ஆள் மாறும் இல்லத்தில் விடப் பெற்றோருக்கு மனம் வராது. மறுத்தால், ‘கொடுத்தோம், எடுக்கவில்லை’ என்று கோப்பில் ஏறும். அடுத்த வருடம் மணித்தியாலம் குறையும். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, அதே மணித்தியாலத்தை வீட்டில் தரும்படியோ பி.பி.ஏ.யாக மாற்றும்படியோ அதே கடிதத்தில் கேளுங்கள். வாயால் மறுத்துவிட்டு வரவேண்டாம்.

இரவில் தொடர்ச்சியாக இல்லாமல் ஆனால் அடிக்கடி எழும்பவேண்டியிருக்கும் குடும்பத்துக்கு ஓய்வில்லமே சிறந்த வழி. மாதத்தில் நான்கு இரவு நித்திரை கொள்ள முடிந்த பெற்றோர் நெடுங்காலம் தாக்குப்பிடிப்பார்கள். இதைக் குறையாக எண்ணத் தேவையில்லை.

பி.பி.ஏ.: யார் வேலைதருநர்?

பிள்ளைக்குப் பெற்றோரே வேலைத் தலைவர். நேரஅட்டவணை போடுவது, ஆளைத் தெரிவு செய்வது, வீட்டு நடைமுறையைப் பழக்குவது உங்கள் வேலை. சம்பளச்சீட்டு எழுதுவது வேலைதருநர். அந்த வேலைதருநர் யார் என்பதில் நான்கு வகை உண்டு: கொம்யூனே, உலூபா போன்ற பயனாளர் கூட்டுறவு, தனியார் நிறுவனம், அல்லது நீங்கள்.

வேலைதருநராக யாரைத் தெரிவு செய்வது என்பது சட்ட உரிமை அல்ல. கொம்யூன் எந்த வகைகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒஸ்லோவில் ஒப்பந்தமுள்ள பல நிறுவனங்களிலிருந்து தெரிவு செய்யலாம். சில சிறு கொம்யூன்களில் கொம்யூன் மட்டுமே. உங்கள் விருப்பத்தைக் கேட்டு மதிப்பளிக்கவேண்டிய கடமை மட்டும் எல்லாக் கொம்யூனுக்கும் உண்டு.

கொம்யூன் வேலைதருநரானால் உதவியாளர் நோயுறும்போது மாற்று ஆள் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அந்த ஆள் யார் என்பதில் உங்கள் குரல் மெலியும். உலூபா 1991இல் இயலாமையுள்ளவர்களே தொடங்கிய கூட்டுறவு. வேலைத் தலைவருக்கான பயிற்சி அங்கே ஆழமானது, முழுப் பொறுப்பையும் குடும்பம் ஏற்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அப்படியே. தனியார் நிறுவனத்தைத் தெரிவு செய்யுமுன் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: மணித்தியாலத் தொகையில் எவ்வளவு நிர்வாகத்துக்குப் போகிறது, உதவியாளரின் உணவு, நுழைவுச்சீட்டு போன்ற செலவுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு உதவியாளர் வரவில்லை என்றால் யாருக்கு அழைப்பது.

நீங்களே வேலைதருநராவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மணிக்கு 230 குரோனர் சம்பளம் என்று வையுங்கள். விடுமுறைப் பணம் 10.2 வீதம் சேர்த்தால் 253. அதன்மேல் வேலைதருநர் வரி 14.1 வீதம் சேர 289. கட்டாய ஓய்வூதியம் 2 வீதத்தோடு 290ஐத் தாண்டும். (ஃபின்மார்க்கிலும் வட துரும்ஸிலும் அந்த வேலைதருநர் வரி இல்லை.) தொழில் விபத்துக் காப்புறுதி, மாதாந்த அறிக்கை, நோயுற்ற உதவியாளருக்கு முதல் 16 நாள் சம்பளம் எல்லாம் உங்கள் தலையில். கொம்யூன் தரும் மணித்தியாலத் தொகை இதற்குப் போதாவிட்டால் மிச்சத்தை நீங்கள்தான் கட்டவேண்டிவரும்.

நேரஅட்டவணை போடும்போது தொழிற்சூழல் சட்டம் பொருந்தும். பொதுவிதியாக இரு வேலைநேரத்துக்கிடையில் 11 மணித்தியால ஓய்வும், கிழமையில் 35 மணித்தியாலத் தொடர் ஓய்வும் வேண்டும். இரவு பத்து மணிக்கு முடித்தவரை அடுத்தநாள் காலை ஆறரைக்கு வரச்சொல்ல முடியாது. கொம்யூன் கிழமைக்கு 35 மணித்தியால உதவி தந்திருந்தால், அதை முழுவதும் ஒரே ஆளிடம் கொடுப்பதும் ஆபத்து. அவர் நோயுற்ற நாளில் எல்லாம் நின்றுவிடும். மூன்று பேர், ஒருவருக்கு 15, மற்ற இருவருக்குப் பத்துப் பத்து என்று பிரிப்பது நல்லது. தமிழ் தெரிந்த ஒருவர் அதில் இருந்தால் பிள்ளையின் பேச்சுக்கும் உதவும். அவரைத் தேடி எடுக்கும் சுதந்திரம் பி.பி.ஏ.யில் மட்டுமே உங்களுக்கு முழுமையாக உண்டு. பிள்ளையோடு தனியாக இருப்பவரிடம் பொலிஸ் சான்றிதழ் வாங்காமல் ஒருவரையும் தொடங்கவிடவேண்டாம்.

மாமியாரை, அக்காவை உதவியாளராக எடுக்கலாமா என்று கேட்பார்கள். சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் நெருங்கிய உறவினரைப் பல கொம்யூன்கள் ஏற்பதில்லை. பெற்றோரே வேலைத் தலைவராகவும் உதவியாளராகவும் இருப்பது அநேகமாக நடக்காது. உறவினரை எடுக்க விரும்பினால் ஒப்பந்தத்துக்கு முன் கொம்யூனின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள்.

சாப்பாட்டுக் குழாய், சுவாச உதவி போன்ற மருத்துவ வேலைகள் பி.பி.ஏ.க்குள் தானாக வராது. யார் பயிற்சி கொடுப்பார், யார் பொறுப்பு என்று கொம்யூன் தனியாக முடிவெடுக்கவேண்டும். இது எழுத்தில் இல்லாவிட்டால் உதவியாளர் வீட்டில் இருந்தும் தாய் வெளியே போகமுடியாத நிலை வரும்.

ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் இதையும் முன்கூட்டிப் பாருங்கள். உதவி மணித்தியாலத்தை வெளிநாட்டில் பயன்படுத்தும் விதி கொம்யூனுக்குக் கொம்யூன் மாறும். யாழ்ப்பாணத்துக்கு உதவியாளரைக் கூட்டிப்போகலாமா, எத்தனை கிழமை, அவருடைய விமானச்சீட்டு யார் செலவு என்று பயணச்சீட்டு வாங்குமுன் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

பிள்ளைக்கு 3 வயது, தேவை பெரியது, பெற்றோரில் ஒருவர் வேலையில் இருக்கிறார் என்றால்: யெல்ப்பெஸ்தோனாட், பகுதி பிளையபெங்கர், கொஞ்சம் அவ்லாஸ்ட்னிங். வயதுக் கழிப்பு அதிகமாக இருக்கும் காலத்தில் பி.பி.ஏ.க்கு மோதிக் களைக்கவேண்டாம். பிள்ளை 8, 9 வயதைத் தாண்டி, தூக்கும் பாரமும் ஏறும்போது பி.பி.ஏ. விண்ணப்பம் வலுவாகும். உங்கள் முதுகு உடைந்தபிறகு கேட்பதைவிட முன்பே கேளுங்கள்.

தேவை 20 மணித்தியாலத்தில் நிற்கிறது, உடல் உதவி குறைவு, ஆனால் கண் எடுக்கமுடியாத ஒட்டிசம் என்றால், ஒம்சோர்க்ஸ்தோனாட்டும் ஓய்வில்லமும் சேர்ந்த வழி நியாயமானது. தேவை 32க்கு மேல் என்றால் பி.பி.ஏ.தான், அதோடு உதவியாளர் இல்லாத இரவுக்கும் நோய் நாளுக்கும் சிறு ஒம்சோர்க்ஸ்தோனாட். இரண்டையும் ஒன்றாகப் பெறத் தடையில்லை.

பெரிய முடிவுகளில் கொம்யூன் தயங்குவதற்குப் பணக்காரணமும் உண்டு. ஒரு பயனாளருக்கான சம்பளச் செலவு வருடத்துக்கு ஒன்றரை மில்லியன் குரோனருக்கும் மேலான ஒரு எல்லையைத் தாண்டினால், தாண்டிய பங்கில் 80 வீதத்தை அரசு திருப்பித் தரும். அதற்குக் கீழே முழுவதும் கொம்யூன் செலவு. நடுத்தரத் தேவையுள்ள பிள்ளைகளின் விண்ணப்பம் கடினமாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கணக்குத் திருத்தமாக இருக்கவேண்டியது அங்கேதான்.

முடிவு வந்தபின்

மறுப்போ குறைப்போ வந்தால் 4 கிழமைக்குள் முறையிடவேண்டும். கடிதம் கொம்யூனுக்கே போகும். அது மாற்றாவிட்டால் ஸ்டாட்ஸ்ஃபொர்வால்டருக்கு (மாகாணத்தில் அரசின் பிரதிநிதிக்கு) அனுப்பும். நாவின் முடிவுகளுக்கு 6 கிழமை. ஸ்டாட்ஸ்ஃபொர்வால்டர் எல்லாவற்றையும் பார்க்கலாம், ஆனால் கொம்யூனின் சுயாட்சிக்குப் பெரிய மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே ‘போதாது’ என்று மட்டும் எழுதினால் வெல்வது கடினம். ‘ஊட்ட 15 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள், பேச்சுப்பயிற்சியாளரின் அறிக்கை 40 என்கிறது, அதை முடிவில் குறிப்பிடவே இல்லை’ என்று தவறைச் சுட்டி எழுதுங்கள். முதலில் கோப்பு முழுவதையும் கேட்டு வாசியுங்கள். வீட்டுக்கு வந்த அதிகாரி என்ன குறித்தார் என்பது அதில் இருக்கும்.

சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்க வெட்கப்படவேண்டாம். 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்புச் சட்டம், உரிமை சார்ந்த சந்திப்புகளில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் கடமையைப் பொது அலுவலகங்களுக்கு விதிக்கிறது. பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கக்கூடாது என்றும் சொல்கிறது. நன்றாக நோர்ஸ்க் பேசும் மூத்த மகளை நடுவில் இருத்தி, தம்பியின் டயப்பர் கணக்கைச் சொல்லவைப்பது அவளுக்கும் நல்லதல்ல, கோப்புக்கும் நல்லதல்ல. 2022 ஓகஸ்ட் முதல் பிள்ளைக்கான ஒருங்கிணைப்பாளர் ஒருவரைக் கேட்கும் உரிமையும் உண்டு. பள்ளி, வைத்தியசாலை, கொம்யூன், நாவ் நான்கையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவது அவர் வேலை.

வேறு கொம்யூனுக்கு வீடு மாறினால் பழைய கொம்யூனின் முடிவு கூட வராது. புதிய இடத்தில் முதலிலிருந்து மதிப்பிடுவார்கள். வீட்டு ஒப்பந்தம் கையெழுத்திடுமுன் அங்கே விண்ணப்பியுங்கள்.

18 வயதில் கணக்கு மீண்டும் மாறும். உயர்த்திய யெல்ப்பெஸ்தோனாட் நின்றுவிடும், ஓய்வு மணித்தியாலத்தைப் பி.பி.ஏ.யில் சேர்க்கும் உரிமையும் முடியும். பெற்றோர் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகமாட்டார்கள். ஸ்டாட்ஸ்ஃபொர்வால்டரிடம் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். பிள்ளையின் பெயரில் இயலாமை ஓய்வூதியமும் அப்போதுதான் தொடங்கலாம். இந்த வேலைகளை 17 வயதிலேயே ஆரம்பியுங்கள். கொம்யூன் பராமரிப்பு வீடு வேண்டுமென்றால் 16 வயதில்.